கரைக்கு முதுகு

அலை வரவில்லை. டயப்பர்தான் வந்தது. ஊதிப் பெருத்து, செத்த சொறிமீன் மாதிரி மிதந்து வந்து அலையேறுகிற போர்டின் மூக்கில் ஒட்டிக்கொண்டது. சீ என்று தேசப்பன் காலால் தள்ளினார். நீரோட்டம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. தள்ளினார். வந்தது. கூப்பிடாத விருந்தாளிகூட இரண்டாம் தடவைக்கு ரோஷப்படுவான். ரிசார்ட்டு மதிலுக்கு அடியிலிருந்து வருகிற ஓடையின் பழுப்பு நுரை தொடையைச் சுற்றிக் கிடந்தது. அதில் ஷாம்பு வாசனை வேறு, பீயில் பன்னீர் தெளித்த மாதிரி. இந்தத் தண்ணீரில்தான் இன்றைக்கு நிற்க வேண்டும். நின்றே ஆக வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஒரே ஒரு அலையில், காலை மாற்றிப் போட்டு எழுந்து நிற்காவிட்டால் போர்டு போச்சு. மருமகன் லோகு டிரில்லு மெஷினோடு வீட்டுக்கு வந்துவிடுவான். பட்டணத்து ஆட்களுக்கு அலை ஏறச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் வைத்திருக்கிறான் அவன், பக்கத்திலேயே காப்பிக்கடை. அந்த வாசலுக்கு மேலே மாமனாரின் போர்டைப் பெயிண்ட் அடித்து மாட்ட வேண்டுமாம். படம்கூட வரைந்து காட்டினான். மீசைக்காரன் ஒருத்தன் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு இளிக்கிறான், கீழே 'சர்ஃப் தாத்தா' என்று எழுத்து. "யார்ரா இவன்?" "நீங்கதான் மாமா." தேசப்பன் பிறந்ததிலிருந்து யாருக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினதில்லை. செத்தவனைத்தான் சுவரில் மாட்டுவார்கள். இவன் உயிரோடு இருக்கிறவனை மாட்டி, காப்பி குடிக்க வாங்க என்கிறான். பூங்காவனம் நடுவில் புகுந்து தீர்ப்பு சொன்னாள். "நின்னா அவருக்கு. நிக்காங்காட்டி உனக்கு. இன்னியோட முடிஞ்சிது மாப்ளே. தெனம் தெனம் இந்த ரோதன எனக்கு வோணாம்." கட்டின பெண்டாட்டி சொல்கிற தீர்ப்பா இது. அதற்கு இவரும் சரி என்று தலையை ஆட்டித் தொலைத்துவிட்டார்.

கேடு இடது முட்டியில். போன மழைக்காலத்தில் டிராக்டர் படகை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. படகு சறுக்கி வந்து முட்டியை மணலோடு வைத்து அரைத்தது. அறுத்தார்கள், தைத்தார்கள். நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், முழுசாய் மடக்க முடியாது. போர்டில் குப்புறப் படுத்திருக்கிறவன் ஒரே மூச்சில் இடது காலை நெஞ்சுக்கடியில் இழுத்து முன்னால் ஊன்றி எழ வேண்டும். இத்தனை காலமும் அப்படித்தான் எழுந்தார், கொட்டாவி விடுகிற மாதிரி, யோசிக்காமல். இப்போது இழுத்தால் உள்ளே கோழி எலும்பைக் கடிக்கிற சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டதும் வாயில் எச்சில் ஊறுகிறது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்த எச்சில். "கால மாத்திப் போடுப்பா. வலது முன்னால, இடது பின்னால. தீந்துச்சி" என்றாள் மகள் சுகந்தி. தீர்ந்ததாம். சோற்றுக் கையை மாற்றச் சொல்கிற மாதிரி. தண்ணீருக்குள் தொங்குகிற வலது காலைப் பார்த்தார். கட்டைவிரல் நகம் மஞ்சளாய்ச் சொத்தை பிடித்து, குதிகால் வெடித்து, யாரோ ஒருத்தனின் காலைத் தெரியாமல் மாட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி. பின்னால் நின்றே பழகின கால். இடது எங்கே போகிறதோ அங்கே பேசாமல் போகும், மிதிக்கச் சொன்னால் மிதிக்கும். அதைக் கூப்பிட்டு இன்று முதல் நீதான் தலைவர் என்றால் அது முழிக்காதா. வீட்டில் பாயைப் போட்டுப் படுத்து எழுந்து படுத்து எழுந்து பழகினார். பாயில் வந்தது. பாய் ஓடாதே. ஒருநாள் அப்படி எழும்போது பீரோ கண்ணாடியில் தன்னையே பார்த்துவிட்டார். பின்பக்கம் தூக்கிக்கொண்டு, கை இரண்டும் காற்றைத் துழாவிக்கொண்டு, அவசரத்துக்கு மறைவிடம் தேடுகிறவன் மாதிரி ஒரு கிழவன். த்தூ. அன்றிலிருந்து கண்ணாடிமேல் துண்டைப் போட்டுவிட்டுத்தான் பழகுகிறார். பூங்காவனம் துண்டை எடுத்து உதறி மடித்து வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

காலையிலிருந்து பிடித்த அலை எல்லாம் அவமானம். ஒன்றில் வலது காலை ஊன்றுவதற்குள் இடது கால் தானே முந்திக்கொண்டு வந்தது, நாற்பது வருஷத்துப் பழக்கம், வா என்று சொல்லாமலே வந்தது, முட்டி நொடித்து, தலைகீழாய்ப் போனார். இன்னொன்றில் எழவே இல்லை, நாய் மாதிரி நாலு காலில் நின்றபடியே போனார், அலை இரக்கப்பட்டுக் கொண்டுபோய்க் கீழே இறக்கிவிட்டது. அப்போது குடித்த தண்ணீர் இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஷாம்புத் தண்ணீர். பல்லுக்கு நடுவில் மணல். மணலை நாக்கால் தொட்டதும் செத்துப்போன மச்சினன் கன்னியப்பன் ஞாபகத்தில் வந்துவிடுவான், அதுதான் பெரிய தொல்லை. வேறு எதையாவது நினை. பக்கத்தில் லோகுவின் மாணவன் ஒருத்தன், சாஃப்ட்வேர்காரன், முகம் பூராவும் சுண்ணாம்பு அப்பின மாதிரி ஏதோ களிம்பு, மெத்தை மாதிரி ஒரு நீலப் போர்டில் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். களிம்பு கரைந்து அவனைச் சுற்றித் தண்ணீரில் எண்ணெய் ஓடியது. "அங்கிள், நீங்க ரெகுலரா கூஃபியா?" "இன்னா?" "எந்தக் கால் முன்னாடின்னு கேட்டேன். இடதுன்னா ரெகுலர், வலதுன்னா கூஃபி. நான் கூஃபி அங்கிள்." "நான் தேசப்பன்." அவன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. "இல்ல அங்கிள், பாத்துட்டே இருந்தேன், நீங்க ரெண்டு காலையும் மாத்தி மாத்தி..." "எனக்கு ரெண்டு கால்தான் கீது. மூணாவது இருந்தா அதையும் போட்டுப் பாப்பேன். நீ உன் வேலையப் பாரு." பாவம், அவன் வாயை மூடிக்கொண்டான். மூடினாலும் களிம்பு வாசனை மூடவில்லை. தேங்காய் வாசனை. தேங்காய்ப்பால் ஊற்றின எதையோ கடலில் வேகவைக்கிற மாதிரி. உவ்வே.

இத்தனைக்கும் காலை மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று அந்தச் சுண்ணாம்பு முகத்தானுக்குத் தெரியாது. லோகுவுக்கும் தெரியாது. இங்கே அலை தெற்கே கல்லுமுனையில் உடைந்து வடக்கே ஓடும். என்றைக்கும் அப்படித்தான். இடது காலை முன்னால் போட்டு நின்றால் முகம் கிழக்கே, அலையைப் பார்த்து. சுவர் மாதிரி எழுந்து நிற்கிற தண்ணீர் கண்ணுக்கு நேரே, அதன் உதடு எங்கே மடியப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும், தெரிந்து இடம் கொடுத்துப் போகலாம். முதுகு கரைக்கு. வலது காலை முன்னால் போட்டாலோ எல்லாம் தலைகீழ். முகம் கரைக்கு, முதுகு அலைக்கு. அப்பன் ஆறுமுகம் பேசாத மனுஷன், பேசினது மொத்தமும் ஒரு படி அரிசிக்குள் அடங்கும். அதில் ஒன்று: கடலுக்கு முதுகு காட்டாதே. இறங்கும்போதும் முகம், ஏறும்போதும் முகம். கரையேறும்போது அந்த ஆள் நண்டு மாதிரிப் பின்னாலேயே நடந்து வருவார், கண் கடல்மேல், தோளில் வலை, ஈர மணல் தாண்டின பிறகுதான் உடம்பைத் திருப்புவார். தேசப்பனும் அப்படித்தான் ஏறுவார், இன்றுவரைக்கும். போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் பின்னால். லோகுவின் மாணவர்கள் அதைப் படம் பிடித்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அலை நாய் மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தால் குரைக்கும், திரும்பினால் கடிக்கும். கன்னியப்பன் திரும்பினான். வேண்டாம், அது வேண்டாம்.

கரையில் பார்க்க என்ன இருக்கிறது சொல். இதை அவர் பூங்காவனத்திடம் கேட்டிருக்கிறார். அவள் பதில் சொன்னாள், நேற்று ராத்திரி சோறு போடும்போது. "எல்லாரும் கரையில கீற பொண்டாட்டி புள்ளையப் பாத்து வருவான். நீ ஊருக்கு முதுகு காட்டிக்கினே வர்ற ஆளு. பொறப்புலயே அப்டி." "நீ வந்து நின்னியா? ஒருநாள் வந்து நின்னியா, நான் பாக்கல?" "எதுக்கு வரணும்? இன்னா கீது அங்க?" முடிந்தது பேச்சு. அவள் கரைக்கு வருவதில்லை. அவள் தம்பி கன்னியப்பனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்தே வருவதில்லை. மீன்கூட ரோட்டுமேல் வாங்குவாள். அதைச் சொல்லியாவது வராமல் இருந்தால் சரி. ஒருநாளும் சொன்னதில்லை. இன்னா கீது அங்க, அவ்வளவுதான். கிழவன் தண்ணீரில் விழுந்து சாகட்டும், எனக்கென்ன. விடிகாலையில் போர்டை எடுக்கிற சத்தம் கேட்டாலும் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவர் திரும்பி வரும்போது அடுப்படியில் இருப்பாள், நாள் பூராவும் அங்கேயே வேர்விட்டவள் மாதிரி. குழம்பு கொதிக்கும். அதில் கொத்தமல்லி. மீன் குழம்பில் கட்டுக் கட்டாய் எவள் கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுவாள்? அவர் அலைக்குப் போகிற நாளிலெல்லாம் கொத்தமல்லி. தழை வாசனை அவருக்கு ஆகாது, மூட்டைப்பூச்சியை நசுக்கின மாதிரி இருக்கும். எடுத்து எடுத்துத் தட்டின் ஓரம் வைப்பார். "எதுக்குடி இந்தக் கருமம்?" "கடைக்குப் போனேன், வாங்கினேன்." எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே போடுகிறாள், வஞ்சம், வேறென்ன. முட்டி நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் குழம்பு சுத்தமாய் இருந்தது, அதையும் கவனித்தார். உடம்பு சரியில்லாதவனுக்கு விரோதம் வேண்டாம் என்று விட்டிருப்பாள்.

சுண்ணாம்பு முகத்தான் "அங்கிள்" என்றான். குரலில் பயம். கல்லுமுனைக்கு அந்தப் பக்கம் கடல் இருட்டாய்க் கோடு போட்டிருந்தது. வருகிறது. நல்ல கூட்டமாய் வருகிறது. தேசப்பன் போர்டைத் திருப்பினார், படுத்தார், நெஞ்சு போர்டில் தேய்த்த மெழுகில் ஒட்டியது, மயிர் பிடித்து இழுத்தது. கரை தெரியவில்லை. படுத்திருக்கிறவனுக்கு என்றைக்கும் தெரியாது, மணல்மேடும் அதன் விளிம்பில் படகுகளின் வயிறும் மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் ஊர் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். கையாலேயே துடுப்பு வலித்தார். டயப்பர் எங்கேயோ போய்த் தொலைந்தது. முன்னால் போன முதல் அலையைச் சுண்ணாம்பு முகத்தான் பிடிக்கப் பார்த்து, மெத்தையோடு குட்டிக்கரணம் போட்டு மறைந்தான். விட்டார். அடுத்தது. பின்னால் இரைச்சல், பாதத்தில் குளிர், போர்டின் வால் தூக்கிக்கொண்டது, இப்போது, இப்போது இழு, இடது வராதே, நீ வராதே நாயே, அங்கேயே கிட, வலது வா, வா, வந்தது, சொத்தை நகத்தோடு, வெடித்த குதிகாலோடு, நெஞ்சுக்கடியில் நுழைந்து தடுமாறி முன்னால் போய் ஊன்றிக்கொண்டது. எழுந்தார். எழுந்துவிட்டார். கையெழுத்துப் போடத் தெரியாதவன் பேனா பிடித்த மாதிரி உடம்பு கோணிக்கொண்டு நின்றது. நின்றது பார். ஆனால் அலை எங்கே? கண்ணுக்கு முன்னால் அலை இல்லை. வெறும் வெளி. அலை முதுகில் இருந்தது. பிடரியில் எச்சில் தெறித்தது, சீ, யாரோ கிட்டே நின்று துப்புகிற மாதிரி, மூச்சுவிடுகிற மாதிரி, கன்னியப்பனைக் கொண்டுபோனது இதுதான், இதே வாய்தான். படகு கவிழ்ந்து கரைக்கு வந்த பிறகு அவன் வாயைத் திறந்து விரலை விட்டுத் தோண்டினார், மணல், மணல், வந்துகொண்டே இருந்தது, நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, பூங்காவனம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கவிழ்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கலாமா. பார்த்தால் விழுவாய். பார்க்காதே. சத்தத்தைக் கேள். வலது காதுக்குப் பின்னால் இரைச்சல் தடித்தால் மடிகிறது, மெலிந்தால் இடம் இருக்கிறது. தடித்தது. இடுப்பை விட்டுக்கொடுத்தார். மெலிந்தது. ஓ. இப்படியா இது. முதுகால் பார்க்கிறதா. முதுகுத் தோல் பூராவும் கண்ணாய்க் கூசியது. சூரியன் பின்னால் இருந்ததால் அவருடைய நிழல் முன்னால் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது, கோணல் நிழல், பின்பக்கம் தூக்கின நிழல், பீரோ கண்ணாடியில் பார்த்த அதே கிழவன், அவனுக்கு மேலே, அலை தூக்கின உயரத்துக்கு மேலே, கரை.

இவ்வளவு கிட்டவா. கடலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஆயுசு பூராவும் சொல்லிக்கொண்டிருந்தது இதற்குத்தானா, கல்லைத் தூக்கிப் போட்டால் விழுகிற தூரத்துக்கு. மணல்மேடு காலுக்குக் கீழே போனது, படகுகளின் முதுகு தெரிந்தது, படகுகளுக்குப் பின்னால் எல்லாம் தெரிந்தது. பிளாஸ்டிக் மேடு. அதன்மேல் ஒரு நாய் எதையோ கக்கிவிட்டு அதையே முகர்ந்தது. அறுந்த வலைக்குப் பின்னால் ஒருத்தன் குந்தியிருந்தான், தனியாய் இருக்கிறோம் என்கிற நிம்மதியோடு. ரிசார்ட்டு மதிலில் ஈரக் கறை. லோகு ஒரு ஜோடியை நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான், அவன் முதுகு கடலுக்கு. வெயில் எல்லாவற்றின்மேலும் ஒன்றாய் அடித்து ஒளிக்காமல் காட்டியது. இதற்குத்தான் திரும்பவில்லை இத்தனை வருஷம், அப்பன் சொன்னதற்காக ஒன்றும் இல்லை, இதைப் பார்க்க வேண்டாம் என்றுதான். அப்போது எல்லப்பனின் பச்சைப் படகுக்குப் பின்னால் ஒரு முதுகு தெரிந்தது. கத்தரிப்பூ நிறச் சேலை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்திருந்தாள் போல, தாடை அப்படி இறுகியிருந்தது. ஒரு கை படகின் விளிம்பைப் பிடித்திருந்தது, வெளுக்கிற அளவுக்கு. இன்னொரு கையில், தொடையோடு சேர்த்து, பச்சையாய் ஒரு கட்டு. கொத்தமல்லி. ஏய், என்று வாயைத் திறந்தார். வாய் திறந்தது, கால் மறந்தது. வலது கால் தனக்கு யாரும் ஒன்றும் சொல்லாததால் பழையபடி பின்னால் போகப் பார்த்தது. அலை அவரைப் பிடரியில் தட்டிக் கவிழ்த்தது. பழுப்பு, இருட்டு, மணல், ஷாம்பு, சொந்த முட்டி வந்து சொந்த மூக்கில் இடித்தது. தண்ணீருக்குள் அவர் சிரித்தாரா என்று கேட்டால் அடிக்க வருவார். ஆனால் ஒரு வாய்த் தண்ணீர் அதிகமாய்க் குடித்தார்.

தலையைத் தூக்கினபோது மணல்மேடு பழையபடி எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு முகத்தான் தள்ளி நின்று குனிந்து இருமிக்கொண்டிருந்தான், களிம்பெல்லாம் போய் இப்போதுதான் மனித முகம். "அங்கிள், பெரிய அலை அங்கிள். நான் உள்ள போயிட்டேன். நீங்க நின்னீங்களா?" தேசப்பன் மூக்கைச் சிந்தினார். நின்றதை ஒருத்தனும் பார்க்கவில்லை. பார்த்தது அந்தக் குந்தினவன் ஒருத்தன்தான், அவன் சாட்சிக்கு வரமாட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் பழக்கப்படி பின்னால் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். இத்தனை வருஷமும் இப்படி நண்டு மாதிரி ஏறினதில்தானே அவளுக்குக் கடைக்குப் போனவள் மாதிரிக் கட்டோடு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்க நேரம் கிடைத்தது. திரும்பினார். முதுகில் கடல். அம்மணமாய்ச் சந்தைக்குள் போகிற மாதிரிக் கூசியது, ஆனாலும் முன்னால் நடந்தார். முட்டியோடு எவ்வளவு வேகமாய் நடக்க முடியும். பச்சைப் படகுக்குப் பின்னால் யாரும் இல்லை. மணலில் இரண்டு பாதக்குழி மட்டும், குதிகால் ஆழமாய், விரல் ரோட்டைப் பார்த்து. பக்கத்தில் கிழிந்த தழை ஒன்று. அதைக் காலால் மணலுக்குள் தள்ளிவிட்டுப் போனார். வேறு யாரும் பார்க்க வேண்டாம்.

வீட்டில் அவள் அரிவாள்மணைமுன் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள், நேற்றிலிருந்தே அங்கே இருக்கிறவள் மாதிரி. மூச்சு மட்டும் வாங்கியது. லோகு முந்திக்கொண்டு வந்துவிட்டிருந்தான், மெஷினும் கையுமாய், மாட்டப்போகிறவனின் மரியாதையோடு. "என்னா மாமா, முடிஞ்சிதா? வருத்தப்படாதீங்க. வாசல்ல ஏறினா ஊரே பாக்கும்." தேசப்பன் அவனைப் பார்க்கவில்லை. போர்டைச் சுவரில் சாய்த்தார். "நின்னேன்." "மாமா, யாருமே பாக்கலியே. நான் அங்கதான் இருந்தேன்." "நீ போட்டோ எடுத்துனு இருந்த." "சரி, வேற யாரு பாத்தா?" செதில் சுரண்டுகிற சத்தம் நிற்கவில்லை. "விழுந்தியா?" என்றாள் அவள், மீனைப் பார்த்தபடி. "கடைசில விழுந்தேன்." "அப்ப நின்னதுக்கு இன்னா சாட்சி? பேசினது பேசினதுதான்." அவள் குரலில் ஈரப்பசை இல்லை. தேசப்பன் தலையைச் சாய்த்துக் காதிலிருந்து தண்ணீரைத் தட்டினார். காதுக்குள்ளிருந்து சூடாய் வழிந்தது, அருவருப்பாய், சுகமாய். பிறகு சொன்னார். "எல்லப்பன் படகுக்குப் பின்னால. ரோட்டப் பாத்துனு. முந்தான வாயில."

செதில் சத்தம் நின்றது. லோகு ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தான். "என்னா மாமா? யாரு?" மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதைக் கடலிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் அலைமேல் நிற்க வேண்டும், அதுவும் முகம் கரைக்கு இருக்கும்படி நிற்க வேண்டும். மீனவன் மகள், அவளுக்கா தெரியாது. மீனின் வாயில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தாள். கத்தரிப்பூச் சேலையின் முந்தானை நுனி இன்னும் கசங்கி ஈரமாய் இருந்தது, அதை எடுத்து மெதுவாய் இடுப்பில் செருகிக்கொண்டாள். முகத்தில் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. "மாப்ளே" என்றாள், "அந்த மெஷின எட்த்துனு போ." "அத்த, அப்ப போர்டு..." "போன்னு சொல்றேன்ல." அவன் போனான். படலைச் சாத்தாமல் போனான், வழக்கம்போல.

மறுபடி செதில் சத்தம். முறத்தில் கொத்தமல்லிக் கட்டு கிடந்தது, பாதி கசங்கி, வேர்வையில் வதங்கி. அந்த நாற்றம் அங்கேயிருந்து இங்கே வரைக்கும் வந்தது. "நாளைக்கு" என்றார் தேசப்பன். தொண்டையில் மணல். காறித் துப்பினார். "நாளைக்கு என் பக்கம் திரும்பி நில்லு."

"மாட்டேன்" என்றாள். கொத்தமல்லியை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தாள்.